மணிக்கூட்டுக்காரரின் வில்லையும் பைப் துண்டும்: தெருவில் முகம் எடுக்க வீட்டில் ஒரு லென்ஸ்

மட்டக்களப்பில், கல்லடிப் பழைய பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என் கமராவை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "என்ன மனே, தண்ணி பைப்பக் கொண்டு படம் எடுக்கப் போறியா?" என்றார். ஓம் என்றேன். பொய்யில்லை. கமராவின் வாயில் ஒட்டியிருந்தது ஒன்றேகால் அங்குல எஸ்லோன் பைப்பில் வெட்டிய துண்டு. அதற்குள் இருந்தது, மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே, அந்தச் சின்ன வில்லை. அவர் சிரித்த நேரம் பார்த்து அழுத்தினேன். அந்த லென்ஸில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான முகம் அதுதான்.

எப்படிச் செய்வதென்று அதன் பிறகு பலர் கேட்டுவிட்டார்கள். கேட்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கண்ணாடி வாங்க வேண்டும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலைந்து குழாய்களைக் குப்பையில் போட்ட பிறகு விளங்கியது: கண்ணாடி எதுவாக இருந்தாலும் ஓரளவு ஒப்பேற்றலாம். படத்தைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் இருக்கும் ஓட்டையும் குழாய்க்குள் இருக்கும் கறுப்பும்தான். ஆகவே கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டிலும் கொஞ்சம் நிற்கப் போகிறேன்.

கண்ணாடி

கழற்றி மாட்டும் லென்ஸ் உள்ள கமரா ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். பழையதாக இருந்தால் நல்லது, மனம் துணியும்.

மணிக்கூடு திருத்தும் கண்வில்லைகளில் பெருக்கமோ அங்குலமோ பொறித்திருப்பார்கள். 3 அங்குலம் அல்லது 3.3 மடங்கு என்று இருப்பதைத் தேடுங்கள். அதன் குவியத்தூரம், அதாவது தூரத்துக் காட்சி தெளிவாக விழ வில்லைக்குப் பின்னால் விட வேண்டிய இடைவெளி, ஏறக்குறைய 75 மில்லிமீற்றர். முகம் எடுக்க இது வசதியான நீளம்: சிறிய சென்சர் (விம்பம் பதியும் தகடு) உள்ள சாதாரண கமராவில் தலையும் தோளும் சட்டத்துக்குள் வர, நீங்கள் 2 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கத்தாமல் கதைக்கக்கூடிய தூரம். 10 மடங்கு வில்லை நல்ல விலைக்குக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதன் குவியத்தூரம் 25 மில்லிமீற்றர்தான், உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மடங்கி எழும்பும் டிஎஸ்எல்ஆர் கமராக்களில் அது தூரத்துப் பொருளைக் குவிக்கவே குவிக்காது. புத்தகக் கடையில் விற்கும் பெரிய பூதக்கண்ணாடி இதற்கு நேர்மாறு, குழாய் முழ நீளத்துக்குப் போய்விடும்.

தெருவோரத்தில் விற்கும் வாசிப்புக் கண்ணாடியும் ஒரு வழிதான். 1000 ஐத் தையொத்தர் எண்ணால், அதாவது கண்ணாடியின் வலுவைச் சொல்லும் எண்ணால், வகுத்தால் குவியத்தூரம் மில்லிமீற்றரில் வரும். +3 என்றால் 333. இரண்டைச் சேர்த்து வைத்தால் +6, அதாவது 167. அதுவும் நீளம்தான். லென்ஸின் முன்னால் திருகிக் கிட்டத்தில் எடுக்க உதவும் +10 வில்லை கிடைத்தால் 100 மில்லிமீற்றர், அது நன்றாகவே வேலை செய்யும்.

பொறித்திருப்பதை நம்பாமல் ஒரு தரம் அளந்து பாருங்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் செய்ததுதான்: அறையை இருட்டாக்கி ஒரு ஜன்னலை மட்டும் திறந்து, எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, வெளியே தூரத்துத் தென்னையின் தலைகீழ் விம்பம் தெளிவாக விழும்வரை வில்லையை முன்பின் நகர்த்துங்கள். வில்லைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளிதான் குவியத்தூரம். சூரியனை வைத்து அளக்க வேண்டாம். தாள் பற்றும், அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தால் கண்ணும் கெடும்.

குழாய்

கமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடி ஒன்று வேண்டும். அசல் வேண்டாம், மலிவானதே போதும். அதன் நடுவில் 30 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஓட்டை போடுங்கள். துளைத்த பின் விளிம்பை அரத்தாள் போட்டுத் தேய்த்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, முழுதாகக் காயவிட்டு, அதன் பிறகே கமராவில் மாட்டுங்கள். நான் முதல் தடவை வாயால் ஊதிவிட்டு மாட்டினேன். பிளாஸ்டிக் தூள் சென்சரில் போய் உட்கார்ந்தது. துப்புரவாக்கக் கொழும்பு வரை அனுப்பிய காசில் நல்ல கண்வில்லை ஐந்தாறு வாங்கியிருக்கலாம்.

இரண்டு குழாய் தேவை. வெளிக்குழாய் பைப் துண்டு, மூடியில் எபொக்சிப் பசையால் ஒட்டியிருக்கும். உள்குழாய் கறுப்புப் பிறிஸ்டல் போர்ட்டை இறுக்கமாகச் சுருட்டி ஒட்டியது. வில்லை அதில் இருக்கும், அது வெளிக்குழாய்க்குள் முன்பின் வழுக்கும். குவியப்படுத்துவது இந்த வழுக்கலால்தான்.

நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கமராவிலும் லென்ஸ் உட்காரும் உலோக விளிம்பிலிருந்து சென்சர் வரை உள்ள தூரம் நிரந்தரமானது. கெனனின் பழைய இஎஃப் வகையில் 44 மில்லிமீற்றர், நிக்கோனின் பழைய எஃப் வகையில் 46.5, சோனி இ வகையில் 18, கெனன் ஆர்எஃப் வகையில் 20, நிக்கோன் இசட் வகையில் 16. குவியத்தூரத்திலிருந்து இதைக் கழியுங்கள். மூடியின் தடிப்புக்காக இன்னும் 3 கழியுங்கள். 75 மில்லிமீற்றர் வில்லையை கெனன் இஎஃப் கமராவில் வைத்தால் 28 மிஞ்சும், சோனியில் 54. இதுதான் வில்லையிலிருந்து உள்குழாயின் பின்விளிம்பு வரை இருக்க வேண்டிய நீளம். பைப்பை அதைவிட 5 மில்லிமீற்றர் குட்டையாக வெட்டுங்கள். உள்குழாயை முட்டும்வரை தள்ளினால் தூரத்துக் காட்சி குவியும், வெளியே இழுக்க இழுக்கக் கிட்டத்து முகம் வரும். 2 மீற்றரில் இருக்கும் முகத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இழுக்க வேண்டும், 1 மீற்றருக்கு 6. அவ்வளவுதான் முழு ஓட்டமும். அதனால் குழாய் லொடலொடவென்று இருக்கக்கூடாது. உள்குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிய கறுப்பு ஃபிளானல் துணி ஒரு சுற்று ஒட்டினால், தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும்.

கண்வில்லையின் அகன்ற வாய் கமராவின் பக்கம், கண்ணாடி வெளிப்பக்கம். கண்ணாடிக்கு முன்னால் உள்குழாய் 5 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கட்டும், அந்த விளிம்புக்கு வேலை வரப்போகிறது. வில்லையின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் வளைந்த பக்கத்தை ஆளைப் பார்க்க வையுங்கள், நடுப்பகுதி கூர்மையாக இருக்கும். திருப்பி வைத்தால் எல்லாமே கொஞ்சம் கரையும். அதை விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

கண்ணாடி மடங்கும் கமராக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மூடிக்குப் பின்னால், கமராவின் உள்ளே, எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. படம் எடுக்கும்போது உள்ளே கண்ணாடி எழும்பும். பிறிஸ்டல் போர்ட் நுனி தட்டினாலும் கதை முடிந்தது.

கறுப்பு

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதல் லென்ஸில் பைப்பின் உட்புறத்தை நான் வெள்ளையாகவே விட்டுவிட்டேன். படம் முழுக்க மார்கழி மழைக்குள் எடுத்தது போல வெளிறிப்போனது. அப்புறம் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். அதிலும் நடுவில் ஒரு வெளிர் வட்டம். மினுக்கமான கறுப்பு கறுப்பே அல்ல, சாய்வாக வரும் வெளிச்சத்துக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. ஆட்டோவின் கறுப்பு முதுகில் வெயில் பளிச்சிடுவதைப் பார்த்திருப்பீர்கள்தானே, அதேதான்.

ஹார்ட்வெயார் கடையில் கரும்பலகைக்குப் பூசும் பெயின்ட் கேளுங்கள், சின்ன டின் போதும். பைப்பின் உட்புறத்தைச் சொரசொரப்பாகும்வரை அரத்தாளால் தேய்த்து, இரண்டு பூச்சுப் பூசுங்கள். மூடியின் முன்பக்கமும் பின்பக்கமும், ஓட்டையின் விளிம்பும், கண்வில்லைக் கிண்ணத்தின் உட்புறமும் விடுபடக்கூடாது. இன்னும் மனம் ஆறாவிட்டால் உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டலாம், அதைவிட நல்ல கறுப்பு கடையில் இல்லை. ஆனால் அதன் நூல் உதிர்ந்து சென்சருக்குப் போகும். பெயின்ட்டே நல்லது என்பது என் கட்சி.

சோதனை சுலபம். குழாயைக் கமராவில் மாட்டாமல் கையில் எடுத்து, பின்பக்கத்திலிருந்து ஜன்னலைப் பாருங்கள். நடுவில் வெளிச்ச வட்டம் மட்டும் தெரிந்து, சுற்றியுள்ள சுவர் இருட்டில் காணாமல் போக வேண்டும். சுவர் எங்காவது தெரிந்தால் அந்த இடத்தில் மறுபடி பெயின்ட்.

ஓட்டை

தனி வில்லை ஒன்றின் விளிம்பு வழியாக வரும் கதிர்கள், நடு வழியாக வருபவற்றைவிடக் கிட்டத்திலேயே குவிந்துவிடும். அதனால் முகத்தின் கூரான விம்பம் ஒன்றும், அதைச் சுற்றிக் கலங்கிய இன்னொரு விம்பமும் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். பனி போர்த்தியது போன்ற அந்த ஒளிர்வு இப்படித்தான் வருகிறது. விளிம்பை மறைத்தால் ஒளிர்வு குறையும். எவ்வளவு மறைப்பது என்பது உங்கள் கையில்.

இது புது வித்தை இல்லை. போட்டோ என்ற ஒன்றே பிறக்காத 1812 இல் வில்லியம் வொலஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இருட்டுப் பெட்டியில் காட்சியைப் பார்த்து வரைவதற்காக, பிறை வடிவ வில்லையின் முன்னால் சின்ன ஓட்டை உள்ள தடுப்பை வைத்தார். ஓரங்களும் தெளிந்தன. 1900 இல் 1 டொலருக்கு விற்ற கொடாக் பிரவுணி பெட்டிக் கமராவிலும் ஒற்றை வில்லையும் சின்ன ஓட்டையும்தான்.

கறுப்புப் பிறிஸ்டல் போர்ட்டில், உள்குழாயின் முன்விளிம்புக்குள் அளவாக உட்காரும் மூன்று வட்டத் தட்டுகள் வெட்டுங்கள். நடுவில் ஓட்டை: ஒன்றில் 19 மில்லிமீற்றர், ஒன்றில் 13, ஒன்றில் 9. குவியத்தூரத்தை ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். 75 மில்லிமீற்றர் வில்லைக்கு இவை ஏறக்குறைய எஃப் 4, எஃப் 5.6, எஃப் 8. ஓட்டையைக் கத்தரிக்கோலால் குடைய வேண்டாம், தோல் வேலை செய்பவர்களிடம் வட்டமாக வெட்டும் உளி இருக்கும், கேட்டால் ஒரு நிமிடத்தில் அடித்துத் தருவார்கள்.

19 தட்டில் முகம் கனவு போல இருக்கும், கண் இமை தெரியாது. 9 தட்டில் ஓரளவு சாதாரண லென்ஸ், அதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். 13 தான் என் கமராவில் எப்போதும் இருப்பது: கண்மணி கூராக, கன்னமும் தலைமயிரும் மெதுவாகக் கரைந்து.

கவனிக்க வேண்டிய ஒன்று. பெரிய ஓட்டையில் குவித்துவிட்டுச் சின்னத் தட்டைப் போட்டால் குவியம் இடம் மாறிவிடும், ஏனென்றால் விளிம்புக் கதிர்கள் இப்போது இல்லை. எந்தத் தட்டில் எடுக்கிறீர்களோ, அந்தத் தட்டிலேயே குவியுங்கள்.

நிறங்களின் கதை வேறு. நீலம் கிட்டத்திலும் சிவப்பு தூரத்திலும் குவிவதால் வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் ஊதா நிறம் கசியும். ஓட்டை இதை முழுதாகத் தீர்க்காது. நான் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது பச்சைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரே நிறத்தின் விம்பம் என்பதால் கூர்மை கூடும், எங்கள் தோல் நிறமும் வெளிறாமல் அழுத்தமாக வரும்.

இவ்வளவு மங்கலை யார் விரும்புவார்கள் என்று கேட்டால், ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற அம்மையாரைச் சொல்வேன். 48 வயதில், 1863 இல்தான் அவருக்குக் கமரா கிடைத்தது. குவியம் தளர்ந்த அவருடைய முகப் படங்களை அந்தக் காலத்து விற்பன்னர்கள் பிழை என்றார்கள், இன்றைக்கு நூதனசாலைகள் அவற்றைப் பாதுகாக்கின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்தவர், 1879 இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். மலைநாட்டுப் பக்கம் போகிறவர்கள் அந்தத் தேவாலயத்தையும் ஒரு எட்டுப் பார்த்து வரலாம்.

கமராவைச் சொல்படி கேட்க வைத்தல்

இந்த லென்ஸுக்கும் கமராவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சோனி போன்ற கமராக்களில் லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் தெரிவை மெனுவில் திறந்துவிட வேண்டும். நிக்கோனின் ஆரம்பநிலைக் கமராக்கள் முழுக் கையியக்க முறையில் மட்டும் எடுக்கும், ஒளியளவும் காட்டாது. பயப்பட ஒன்றுமில்லை: திறந்த நிழலில், எஃப் 5.6 இல், ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 200 என்றால் ஷட்டர் திறந்திருப்பது செக்கனில் 200 இல் ஒரு பங்கு. அங்கிருந்து திரையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். 160 இல் ஒரு பங்கைவிட மெதுவாகப் போகாதீர்கள், கை ஆடும்.

குவிப்பதற்குத் திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழாயை 2 மீற்றருக்கு வைத்துவிட்டு, உடம்பை முன்பின் சாய்த்துக் குவிப்பது இன்னும் சுலபம், இரண்டு நாள் பழகினால் வந்துவிடும். முதலில் வீட்டுத் திண்ணையில் பழகுங்கள். என் மாமி இருநூறு படத்துக்காவது உட்கார்ந்திருப்பா. அவவுக்குத் தேவை ஒரு பிளேன்டீயும் கேட்க ஒரு ஆளும்தான்.

எங்கே, எப்போது

எழுவான்கரை, படுவான்கரை என்று ஊரையே வெளிச்சத்தால் பிரித்து வைத்தவர்கள் நாங்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து வரும், மாலையில் வாவிக்கு அப்பால் விழும். ஆறரையிலிருந்து எட்டு மணிவரை கல்லடிக் கடற்கரையில் வலை இழுத்து முடித்தவர்களின் முகத்தில் பக்கவாட்டாக விழும் வெளிச்சம் இந்த லென்ஸுக்குப் பொருத்தம். மாலையில் வாவியை முதுகுக்குப் பின்னால் வைத்து ஆளை நிறுத்தினால் வெளிச்சம் குழாய்க்குள் நேராகப் பாய்ந்து படம் பாலாகிவிடும். அந்த நேரம் ஆளைத் திருப்பி, வாவியைப் பார்க்க நிறுத்துங்கள். நண்பகலில் சந்தைக் கூரையின் கீழோ, காந்திப் பூங்காவின் மர நிழலிலோ தவிர எடுக்க வேண்டாம். காத்தான்குடிப் பிரதான வீதியில் கடைத் தாழ்வாரத்துக்குள் ஆள், பின்னால் வெயிலில் பேரீச்ச மரங்கள் என்றால் ஓலைகள் கரைந்து வெளிச்சப் பொட்டுகளாகும்.

குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே வாவியில் ஓடும் பாதையிலும் (ஆளேற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம்) எடுத்திருக்கிறேன். பாதை கரை சேரும்வரை யாருக்கும் அவசரமில்லை, கதைக்கவும் ஆள் கிடைக்கும்.

கேட்டுவிட்டே எடுங்கள். இந்த லென்ஸில் ஒளித்து எடுக்க முடியாது, அதுவே இதன் நல்ல குணம். "காக்கா, ஒரு படம் எடுக்கட்டா? நானே செய்த லென்ஸ்" என்று குழாயைக் கையில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெண்களிடம் வற்புறுத்தாதீர்கள். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம் கேளுங்கள். இன்னொன்று: முகாம், பொலிஸ், அரச அலுவலகம், வழிபாட்டு இடம் இவற்றின் பக்கத்தில் இந்தச் சாமானை வெளியே எடுக்கவே வேண்டாம். கறுப்பு டேப் சுற்றிய பைப்பைக் கண்டால் எங்கள் ஊரில் ஆட்கள் இரண்டு தரம் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது.

எடுத்த படத்தை அந்த இடத்திலேயே காட்டினால் சிலருக்குப் பிடிக்காது. ஆரையம்பதியில் மரக்கறி விற்கும் அம்மா ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "புகைக்குள்ள நிக்கிற மாதிரி இரிக்கி, மறுகா ஒண்டு நல்லா எடு" என்றார். நியாயம்தான். இப்போது போனிலும் தெளிவாக ஒன்று எடுத்து, இரண்டையும் ஸ்டூடியோவில் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வீட்டுச் சுவரில் எது தொங்குகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பராமரிப்பு

லென்ஸைச் சூரியனுக்கு நேரே பிடிக்கக்கூடாது, வெயில் படும் மேசையில் மூடாமல் வைக்கவும் கூடாது. இது பூதக்கண்ணாடி, சென்சரையோ ஷட்டரையோ பொசுக்கிவிடும். முன்பக்கத்துக்குப் போத்தல் மூடி ஏதாவது அளவாகத் தேடிக்கொள்ளுங்கள். கடற்கரையில் கழற்றி மாட்ட வேண்டாம், மணல் குழாய் வழியாக நேரே உள்ளே போகும். வீட்டுக்கு வந்ததும் உப்புப் படிந்த கண்ணாடியை ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள், காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும்.

மாரியில் பிறிஸ்டல் போர்ட் ஊதி, குழாய் இறுகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டிகளில் வருமே அந்த ஈரம் உறிஞ்சும் சிறு பைகளுடன் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதே குழாய் சுருங்கித் தளரும், கம்மும் விட்டுப்போகும். அப்போது ஃபிளானல் இன்னொரு சுற்று. மூடியும் பைப்பும் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் எபொக்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டே வெளியே எடுத்துப் போங்கள்.

இது கைக்கு வந்த பிறகு பழைய ஸ்லைட் புரொஜெக்டர் எங்காவது பாடசாலைக் களஞ்சியத்தில் தூங்குகிறதா என்று விசாரியுங்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது 85 மில்லிமீற்றர், எஃப் 2.8 லென்ஸ். வெளியே தனியாக வழுக்கி வரும். ஒன்றுக்கு மேற்பட்ட வில்லைகள் உள்ளே இருப்பதால் நீளக் கணக்கு அப்படியே பொருந்தாது. தாளில் தென்னையை விழுத்தி, லென்ஸின் பின்விளிம்பிலிருந்து தாள் வரை அளந்து, முன்பு கழித்தவற்றை அதிலிருந்து கழியுங்கள்.